தடம் அறுந்த இடம்

முயல் வேட்டை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சிப்பிப்பாறையும் கன்னியும். கண்ணால் கண்டு, காலால் ஓடிப் பிடிக்கிற நாய்கள். பீகிள் என்ற நாய்க்கு முயல் கண்ணில் படவே வேண்டாம். அது ஓடிப்போன புல்லில் மூக்கைப் பதித்து, போன வழியைக் குரைத்துச் சொல்லிக்கொண்டே வரும். அமெரிக்கப் புதர்க்காடுகளில் அந்தக் குரலைக் கேட்கவென்றே விடியலில் எழுந்து போகிறவர்கள் இருக்கிறார்கள்.

தோள்வரை அளந்தால் 15 அங்குலத்துக்குள் அடங்கும் நாய். ஓட்டமும் நிதானம்தான், அந்த நிதானம்தான் அதன் அருமை. காட்டன்டெயில் முயல் தன் வட்டாரத்தை விட்டு எளிதில் போகாது. பின்னால் குரல் வந்துகொண்டிருந்தால் ஒரு சுற்றுச் சுற்றி, கிளம்பிய இடத்துப் பக்கமே திரும்பிவிடும். வேட்டைக்காரர் நின்ற இடத்தில் நின்றால் போதும். ரொம்ப நெருக்கினால் ஏதாவது வளைக்குள் புகுந்துகொள்ளும்; அன்றைய ஓட்டம் அதோடு சரி.

குட்டியைப் பழக்கத் தொடங்கும்போது செய்வதற்கு அதிகம் இல்லை. பனி ஈரம் காயாத காலையில் புதரோரம் நடத்திக் கூட்டிப்போக வேண்டும். கூப்பிட்டால் வரச் செய்ய வேண்டும். வெடிச்சத்தத்துக்கு மிரளாமலும் மானின் வாடைக்குப் பின்னால் போகாமலும் மெல்ல மெல்லப் பழக்க வேண்டும். ஒருநாள் மூக்கில் ஏதோ பிடிபடும். வால் படபடக்கும். அதுவரை அந்தத் தொண்டையில் இருந்ததே தெரியாத ஒரு குரல் கிளம்பும்.

ஆனால் கலை முழுவதும் இருப்பது குரல் நிற்கும் இடத்தில். முயல் வந்த தடத்திலேயே கொஞ்சம் திரும்பி ஓடி, சட்டென்று பக்கவாட்டில் தாவிவிடும். தடம் அறுந்துபோகும். ‘செக்’ என்பார்கள். பொறுமையில்லாத குட்டி குத்துமதிப்பாக முன்னால் பாயும். இன்னொன்று வாடையே இல்லாமல் குரைக்கும். நல்ல குட்டி வாயை மூடிக்கொண்டு, விட்ட இடத்தைச் சுற்றிச் சின்னதாக ஒரு வட்டம் போட்டுத் தேடும், பிறகு வட்டத்தைப் பெரிதாக்கும். முயல் போன பக்கம் பழக்குபவருக்குத் தெரிந்திருக்கும். கை நீட்டிக் காட்டத் துடிக்கும். காட்டக் கூடாது. காட்டிக் காட்டிப் பழகிய குட்டி, தடம் அறும்போதெல்லாம் மூக்கைத் தரையிலிருந்து எடுத்து மனிதர் முகத்தைப் பார்க்கும். அப்படிக் கெட்டதைத் திருத்துவது பெரும்பாடு. தரை காய்ந்து வாடை நிற்காத நாளில் குட்டியைக் குறை சொல்லாமல் வீட்டுக்குக் கூட்டிவருவதும் இந்தப் பொறுமையில் சேர்த்தி.

1890-ல் மாசசூசெட்ஸின் ஹயானிஸில் நேஷனல் பீகிள் கிளப் களப்போட்டி நடத்தியது. நாய்களை இரண்டிரண்டாக விட்டுப் பார்க்கும் போட்டிகள் இன்றும் நடக்கின்றன. அங்கே முயலைச் சுடுவதில்லை. தடத்தை எவ்வளவு சுத்தமாகப் பிடித்துப் போகிறது என்பதற்கே மதிப்பு. எனக்கு இந்தக் கலையின் உச்சம் அதுதான்.

குட்டிக்குக் கிடைக்கும் பெரிய சான்றிதழ் வேறொன்று. பொய்க்குரல் கொடுக்கும் நாய் எங்கே கத்தினாலும் அனுபவப்பட்ட கிழநாய் அசையாது. தான் தேடும் புதரையே தேடிக்கொண்டிருக்கும். மாதக்கணக்கில் அப்படிக் காது கொடுக்காமலே இருந்துவிட்டு, ஒரு காலையில் குட்டியின் குரல் கேட்டதும் கிழநாய் தலையைத் தூக்குகிறது. தன் தேடலை அப்படியே விட்டுவிட்டு, முட்புதரைக் கிழித்துக்கொண்டு அந்தக் குரலை நோக்கி ஓடுகிறது.