விடுமுறையில் மூடும் விடுதி

2025 ஜூலையில் இரண்டு அறிவிப்புகள் வந்தன. மராட்டியர் ஆட்சியோடு தொடர்புடைய 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றது விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சிக் கோட்டை மட்டுமே. அதற்குச் சில நாள் முன்பு, ஜூலை 7 அன்று, தமிழக அரசு தன் நலத்துறை விடுதிகளுக்கெல்லாம் ‘சமூகநீதி விடுதி’ என்று பொதுப்பெயர் சூட்டியது. செஞ்சி வட்டாரத்து ஏழை மாணவருக்கு இரண்டாவது அறிவிப்புதான் பெரிது. சாதியைச் சொல்லும் பலகையின் கீழ் தினமும் நுழைவது ஒரு பிள்ளையை எவ்வளவு கூசவைக்கும் என்று அறிந்தவர்கள் அந்த மாற்றத்தை வரவேற்பார்கள், நானும் வரவேற்கிறேன். ஆனால் 2,739 விடுதிகள், ஏறத்தாழ 1.8 லட்சம் மாணவர்கள் என விரிந்திருக்கும் இந்த ஏற்பாட்டை இன்னொரு கேள்வியாலும் அளந்தாக வேண்டும். திரும்பிப் போக வீடே இல்லாத மாணவருக்கு இது உதவுமா?

வீடற்றோர் என்று 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாடு முழுவதும் கண்டது 17.7 லட்சம் பேரை. நடைபாதையிலும் பாலத்தடியிலும் படுத்துறங்குபவர்கள் அவர்கள். செஞ்சி, திண்டிவனம் பக்கத்து இருளர் பழங்குடிக் குடும்பங்கள் பெரும்பாலும் அந்தக் கணக்கில் வருவதில்லை. ஏரிக்கரைப் புறம்போக்கில் குடிசை இருக்கும், பட்டா இருக்காது. முன்பணம் வாங்கிய குடும்பம் தை மாத வாக்கில் செங்கல் சூளைக்குக் கிளம்பிவிட்டால், மழை பிடிக்கும்வரை சூளை ஓரத்துக் கொட்டகையில்தான் வாசம். அங்கிருந்து படிக்க வந்தவரையும், பெற்றோரை இழந்து உறவினர் தயவில் வளர்ந்தவரையும், 18 வயது நிறைந்து குழந்தைகள் காப்பகத்தை விட்டு வெளியேறியவரையும் வீடற்ற மாணவர் என்றே நான் கொள்கிறேன்.

இவர்களுக்கு அரசு தரும் உதவியில் ஒரு பகுதி பணம். கல்லூரி மாணவிகளுக்கென 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் மாணவர்களுக்கென 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. வீடும் பஸ் பாஸும் இருக்கிற பிள்ளைக்கு அது நல்ல துணை. செஞ்சியிலிருந்து திண்டிவனம் கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரிக்கோ விழுப்புரம் அண்ணா அரசு கலைக் கல்லூரிக்கோ பேருந்தில் போய்வரும் மாணவிக்குப் புத்தகச் செலவும் கைச்செலவும் அதில் நடக்கும். வீடு இல்லாதவருக்கு அது போதாது என்பதை அரசின் கணக்கே காட்டுகிறது: கல்லூரி விடுதி மாணவர் ஒருவரின் சாப்பாட்டுக்கு மட்டும் மாதம் 1,500 ரூபாய் என 2023இல் உயர்த்தியது அதே அரசுதான். ஆகவே பணமா விடுதியா என்றால், வீடற்ற மாணவர் விஷயத்தில் என் பதில் தயக்கமில்லாமல் விடுதி.

அந்த விடுதியில்தான் ஓட்டை இருக்கிறது. அது நாட்காட்டியில் இருக்கிறது. பருவத்தேர்வு முடிந்தால் மாணவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டும். விடுதி விதிகள் ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஊரும் வீடும் உண்டு என்றே வைத்துக்கொள்கின்றன. ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் சூளையில் வேலை உச்சத்தில் இருக்கும். இருளர் மாணவர் ‘வீட்டுக்கு’ப் போவது என்றால் சூளைக்குப் போவதுதான். அங்கே போன பிள்ளை சும்மா உட்கார முடியாது. பெற்றோர் வாங்கிய முன்பணத்தைக் கழிக்க அதுவும் கல் அறுக்க வேண்டியிருக்கும். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. அந்தச் சட்டம் தடுக்க நினைத்த இடத்துக்கே ஒரு கல்லூரி மாணவரை ஆண்டுதோறும் அரசு விடுதியின் பூட்டு அனுப்பிவைக்கிறது என்றால் அதைச் சிறு குறை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

சான்றிதழ் இரண்டாவது தடை. பழங்குடிச் சான்றிதழை வட்டாட்சியர் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். நிலையான முகவரி இல்லாத குடும்பத்துக்கு இது எத்தனை நடை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பேராசிரியர் பிரபா கல்விமணி போன்றவர்கள் திண்டிவனத்தில் ஆண்டுக்கணக்காக இருளர்களுக்காகப் போராடிய விஷயங்களில் இந்தச் சான்றிதழும் ஒன்று.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். விடுதி விதிகளை எழுதியவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் சேர, வீட்டுக்கும் கல்வி நிலையத்துக்கும் 8 கிலோமீட்டருக்கு மேல் தூரம் இருக்க வேண்டும்; மாணவிகளுக்கு மட்டும் அந்த விதி பொருந்தாது. முகாம்வாழ் இலங்கைத் தமிழர் பிள்ளைகளுக்கு விடுதிக்கு 5 இடம் தனியே உண்டு. சாதி, வருமானச் சான்றுகளை விண்ணப்பத்தோடு கேட்பதில்லை, சேரும்போது காட்டினால் போதும். யாருடைய நிலை வேறு என்று பார்த்து விதியைத் தளர்த்தும் பழக்கம் துறைக்கு ஏற்கெனவே இருக்கிறது. வீடற்ற மாணவர் என்றொரு பிரிவைத்தான் அது இன்னும் காணவில்லை.

அந்தப் பிரிவைக் கண்டுகொண்ட நாடு உண்டு. அமெரிக்காவில் 2007ஆம் ஆண்டுச் சட்டமொன்று, பெற்றோர் துணையின்றி வீடற்று வாழும் இளைஞரைக் கல்வி உதவி விண்ணப்பத்தில் தனித்து நிற்பவராக ஏற்றது. பெற்றோரின் வருமானக் கணக்கை அவரிடம் கேட்பதில்லை. வாடகை கொடுக்க முடியாமல் காரில் உறங்கும் மாணவர்கள் அங்கே இன்றும் உண்டு, ஆகவே அந்நாட்டை முன்மாதிரி என்று தூக்கிப்பிடிக்க மாட்டேன். அந்த ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். நம்மிடமும் வித்து இருக்கிறது: 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 46ஆவது பிரிவு, 18 வயதில் காப்பகத்தை விட்டு வெளியேறுபவருக்குப் பண உதவி செய்ய வழிவகுக்கிறது. ஆனால் காப்பகத்தில் வளராத இருளர் பிள்ளைக்கு அது எட்டாது.

எல்லா விடுதிகளையும் ஆண்டு முழுவதும் திறந்துவைத்தால் செலவு தாங்காது, காப்பாளருக்கும் சமையலருக்கும் விடுப்பு வேண்டாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எல்லாவற்றையும் திறக்கச் சொல்லவில்லை. விழுப்புரம் மாவட்டத்தில் மாணவர்களுக்கு ஒன்று, மாணவிகளுக்கு ஒன்று போதும். மற்ற விடுதிகளின் வீடற்ற பிள்ளைகள் விடுமுறையில் அங்கே வந்து தங்கட்டும். வேலைக்குச் செல்லும் பெண்களுக்கான தோழி விடுதிகளை இதே அரசு கல்லூரி விடுமுறை பார்த்துப் பூட்டுவதில்லை.

என் தீர்ப்பு இது: அடித்தளத்தில் இந்த விடுதி ஏற்பாடு பணத்திட்டங்களைவிடச் சிறந்தது, காக்க வேண்டியது, ஆனால் அது மிக அதிகம் தேவைப்படும் மாணவரை ஆண்டில் இரண்டு மாதம் கைவிடுகிற நிலையில் அதை வெற்றி என்று சொல்ல முடியாது. கல்லூரி முதல்வரோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரோ தரும் ஒரு கடிதத்தை வீடற்ற நிலைக்குச் சான்றாக ஏற்று, அடுத்தடுத்த ஆண்டுகளில் மறுபடி கேட்காமல் இருந்தால் போதும். இரண்டு மாதச் சாப்பாட்டுக்கு ஒரு மாணவருக்கு 3,000 ரூபாய். நூறு பேர் தங்கினாலும் 3 லட்சம், அதோடு இரண்டு சமையலர், இரண்டு காப்பாளர் சம்பளம். வரும் ஏப்ரலுக்குள் மாவட்ட நிர்வாகம் இதைச் செய்துவிடலாம்.