புகையில் பிறக்கும் பொன்

லஸ்டர் எனப்படும் உலோக மினுக்கம் தீட்டிய மண்கிண்ணத்தை நின்ற இடத்திலேயே நின்று பார்ப்பவருக்கு அதில் பாதிதான் தெரியும். நேரே பார்த்தால் வெள்ளைப் பரப்பில் பழுப்பு நிறக் கோடுகள்: ஒரு கொடி, ஒரு முயல், ஒரு குதிரை வீரன். தலையைச் சற்றே சாய்த்தால் பழுப்பு பொன்னாகிவிடும். இன்னும் ஓரடி நகர்ந்தால் அந்தப் பொன்னுக்குள் ஊதாவும் பச்சையும் ஓடி மறையும். மயில்கழுத்துப் பட்டை விரித்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த விளையாட்டு புதிதல்ல. ஆனால் பட்டில் இரண்டு நிற நூல்கள் இருக்கின்றன. இங்கே விரலால் தடவிப் பார்த்தால் வழவழவென்ற கிளேஸ் என்னும் கண்ணாடிப் பூச்சு மட்டுமே தட்டுப்படுகிறது.

இந்தப் பொன்னில் தங்கம் துளியும் இல்லை என்பதுதான் முதல் வியப்பு. உள்ளே இருப்பவை வெள்ளியும் செம்பும். முதலில் களிமண் கலத்தைச் சுட்டு, வெள்ளீயம் சேர்த்த வெண்ணிறக் கிளேஸ் பூசி மறுபடியும் சுடுவார்கள். சாதாரணக் குயவருக்கு வேலை அங்கே முடிந்துவிடும். லஸ்டர்க் கலைஞருக்கு அங்கேதான் தொடங்குகிறது. வெள்ளி, செம்பு உப்புகளைக் காவிமண்ணோடு குழைத்து, வினிகர் விட்டு இளக்கி, பளபளத்துக் கிடக்கும் கிளேஸின்மேல் வரைகிறார். மூன்றாம் முறையாகச் சூளையில் வைத்துச் சுமார் 600 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றுகிறார். கிளேஸ் உருகக் கூடாது, இளக வேண்டும். அந்த நேரம் பார்த்துக் காற்றை அடைத்து, பச்சை விறகையோ சுள்ளியையோ போட்டுப் புகையை எழுப்புகிறார்.

மீதியைப் புகை செய்கிறது. கிளேஸிலுள்ள சோடியம், பொட்டாசியம் அயனிகள் வெளியேற, வெள்ளியும் செம்பும் அந்த இடத்தில் உள்ளே நுழைகின்றன. ஆக்சிஜன் கிடைக்காமல் தவிக்கும் புகை அவற்றோடு ஒட்டியிருக்கும் ஆக்சிஜனையும் பறித்துக்கொள்ள, மிஞ்சுவது வெறும் உலோகத் துகள். ஒவ்வொன்றும் சில நானோமீட்டரிலிருந்து சில பத்து நானோமீட்டர் வரைதான். அந்தத் துகள்கள் கிளேஸின் மேற்தோலுக்குள், ஒரு மைக்ரோமீட்டர்கூடத் தடிமன் இல்லாத அடுக்காக அமர்கின்றன. நாம் பார்க்கும் பொன்னும் ஊதாவும் அந்த அடுக்கில் ஒளி மோதித் திரும்பும் விதத்தால் வருபவை. நானோ என்ற சொல்லே பிறக்காத காலத்தில் குயவர்கள் இதைக் கண்ணளவிலும் புகையளவிலும் நடத்திக் காட்டியிருக்கிறார்கள். சூளையிலிருந்து எடுக்கும்போது கலம் கரிபிடித்து, காவி அப்பி, அழுக்காக இருக்கும். துணியால் தேய்க்கத் தேய்க்கத்தான் உள்ளிருக்கும் மின்னல் வெளியே வரும்.

இந்த நுட்பம் முதலில் கண்ணாடிக் கலைஞர்களிடம் இருந்தது. 9ஆம் நூற்றாண்டில் அப்பாஸிய ஈராக்கின் குயவர்கள் அதை மண்ணுக்குக் கொண்டுவந்தார்கள். துனீசியாவின் கைரவான் பெரிய மசூதியில், தொழுகைத் திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராபைச் சுற்றிப் பதித்த நூற்றுக்கும் மேற்பட்ட ஓடுகள் அந்தத் தொடக்க காலத்தின் சாட்சிகள். தங்கத் தட்டில் உண்பதைச் சமயம் விலக்கியதால் பொன்போல் மின்னும் மண்தட்டைக் கண்டுபிடித்தார்கள் என்று ஒரு விளக்கம் சொல்வதுண்டு. எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. பொன்னுக்கு மாற்றாக மட்டும் செய்திருந்தால் தட்டு முழுவதையும் மஞ்சளாக மினுக்கியிருப்பார்கள். அவர்களோ வெள்ளையை வெள்ளையாக விட்டு, அதன்மேல் ஒளியைக் கொண்டு கோடு போட்டிருக்கிறார்கள்.

ஈரானின் காஷான் ஓவியர்களிடம் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அவர்கள் லஸ்டர் பூசிய பரப்பைக் கூர்முனையால் கீறி, குட்டிக் குட்டிச் சுருள்களை எழுப்பினார்கள். அடர்ந்த பளபளப்புக்கு அந்தக் கீறல்கள் மூச்சுவிட இடம் தருகின்றன. அங்கே பரம்பரைக் குயவர் குடும்பத்தில் பிறந்த அபுல் காசிம், 1301ல் செய்முறையை எழுதிவைத்தார். கலங்களை மூன்று நாள் மென்புகையில் வைக்கச் சொல்கிறார் அவர்.

ஸ்பெயினின் மாலகா, மானிசெஸ் வழியாக இது இத்தாலிக்குப் போனது. குப்பியோ நகரில் ஜியோர்ஜியோ அந்த்ரெயோலி செம்பிலிருந்து மாணிக்கச் சிவப்பை வரவழைத்தார். வேறு ஊர்களில் வரைந்து முடித்த தட்டுகள்கூட இந்தச் சிவப்புக்காகவே அவர் சூளைக்கு வந்தன. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் மட்கலக் கலை பற்றி நூல் எழுதிய பிக்கோல்பாஸோ, நூறு கலம் வைத்தால் ஆறு தேறுவதே அரிது என்கிறார். அவ்வளவு இழப்பிலும் இதைக் கைவிட மனமில்லாதவர்கள் இருந்ததால்தான் கலை பிழைத்தது. லண்டனில் வில்லியம் டி மார்கன் 1870களில் இதை மீட்க முயன்றபோது வீட்டுக் கூரையே தீப்பிடித்தது. கற்றதை அவர் மறைக்கவில்லை, 1892ல் பொது உரையாகவே சொல்லிவிட்டார்.

நம் காலத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர் கலிபோர்னியாவின் பீட்ரிஸ் வுட் (1893–1998). சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தியின் உரை கேட்க ஹாலந்து போன இடத்தில் லஸ்டர் தட்டுகள் சில வாங்கினார். அவற்றுக்குப் பொருத்தமான தேநீர்க் குடுவை எங்கும் கிடைக்காததால், தானே செய்துவிடலாமென்று 1933ல் மண்கலை வகுப்பில் சேர்ந்தார். அப்போது வயது நாற்பது. பின்னாளில் கிருஷ்ணமூர்த்தி வாழ்ந்த ஓஹாய் பள்ளத்தாக்கிலேயே குடியேறி, நூறு வயதைத் தாண்டியும் மண் பிசைந்தார். 1961ல் இந்தியா வந்து போனபின் புடவையே அவருடைய உடையானது. அவர் வழி வேறு. மேலே வரையாமல் கிளேஸிலேயே உலோக உப்புகளைக் கலந்து, சூளையில் புகைமூட்டி, அவை மேற்பரப்பில் மின்னும்படி செய்தார். அவருடைய கோப்பைகள் சில கோணலாக நிற்கும், விளிம்பு நெளியும். வழுவழுப்பான வடிவத்தில் கண் வழுக்கிப் போய்விடும். அந்த நெளிவுகளில் ஒளி ஒதுங்கி நிற்க இடம் இருக்கிறது.

இன்று குறுக்குவழிகள் பல. கடையில் புட்டியில் கிடைக்கும் பொன் லஸ்டரைத் தூரிகையால் தொட்டுப் பூசி, குறைந்த சூட்டில் ஒருமுறை சுட்டால் போதும். தேநீர்க் கோப்பை விளிம்பில் மின்னும் பொன்கோடு அப்படி வந்ததுதான். மாங்கனீசையும் செம்பையும் அளவுக்கு மேல் அள்ளிப் போட்டால் கிளேஸ் வெண்கலம்போல் ஆகிவிடும். அதன் புகை நஞ்சு, அந்தக் கலத்தில் உண்பதும் கூடாது. செந்தணலாகச் சூளையிலிருந்து எடுத்த கலத்தை மரத்தூளில் புதைத்தெடுக்கும் ராக்கு முறையில் செம்பு வானவில்லாக விரியும், ஆனால் காற்றுப்பட்டு நாளடைவில் மங்கிப்போகும். இவற்றை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனாலும் புட்டிப்பொன் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒரே பதில்தான் சொல்கிறது.

நல்ல லஸ்டரை எடைபோட நான் வைத்திருக்கும் அளவுகோல் எளியது. பளபளப்பு அணைந்து பழுப்பாகத் தெரியும் கோணத்திலும் அந்தச் சித்திரம் தன் காலில் நிற்க வேண்டும். முயலின் காதும் கொடியின் வளைவும் அப்போதும் உயிரோடு இருந்தால், பிறகு வரும் பொன் அதற்குக் கிடைத்த கொடை. கோடு செத்திருந்தால், எவ்வளவு மின்னினாலும் அது மினுக்கு மட்டுமே.