பார்க்காத வளைவைப் பார்க்க வைக்கும் குரல்

இருங்காட்டுக்கோட்டையில் பந்தயம் பார்க்கப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. அங்கே கண்ணுக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். பூந்தமல்லி தாண்டி, பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் இருக்கிற அந்த ஓடுதளத்தில் ஒரு சுற்று என்பது 3.717 கிலோமீட்டர். பார்வையாளர் மேடைக்கு முன்னால் இருக்கும் நேர்பாதை நன்றாகத் தெரியும். வண்டிகள் காதைப் பிளந்துகொண்டு கடந்து போகும். அப்புறம் தூரத்து வளைவுகளில் புள்ளிகள் நகரும், சத்தம் வந்து வந்து தேயும். மறுபடி நம் முன்னால் வர ஒன்றரை நிமிடம், இரண்டு நிமிடம் ஆகும். அந்த இடைவெளி முழுக்க ஒலிபெருக்கியில் பேசுகிறவரின் ராஜ்யம். பந்தயத்தில் பாதிக்கு மேல் நாம் அவர் வாயால்தான் பார்க்கிறோம்.

இந்தக் குரலைக் கவனித்துக் கேட்டுப் பழகியவர்களுக்கு அதில் ரசிக்க நிறைய உண்டு. உள்ளூர் பைக் பந்தயத்தையே எடுத்துக்கொள்வோம். எல்லாருக்கும் ஒரே மாதிரி வண்டி. ஏழெட்டுப் பேர் ஒரே கொத்தாக வருவார்கள். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்து வழி உண்டாக்கிக் கொடுக்க, பின்னால் வருகிறவர் அந்த மறைவில் பதுங்கி வந்து, நேர்பாதையின் கடைசியில் சட்டென்று வெளியே எடுத்து முந்துவார். ஸ்லிப்ஸ்ட்ரீம் என்பது இதுதான். சாதாரண வர்ணனையாளர் ‘ஏழாம் நம்பர் முதலிடம், ஏழாம் நம்பர் முதலிடம்’ என்று தொண்டை கிழியக் கத்துவார். தேர்ந்தவர் கடைசிச் சுற்று தொடங்கும்போது நிதானமாக ஒரே ஒரு வாக்கியம் சொல்வார்: “இந்த நேரத்தில் முதலிடத்தில் இருக்க யாருக்குமே ஆசை இருக்காது.” அதோடு நிறுத்திக்கொள்வார். மேடையில் இருக்கிற அத்தனை பேருடைய பார்வையும் முதல் வண்டியை விட்டு இரண்டாவது, மூன்றாவது வண்டிக்குத் தாவும். அடுத்து அவர் சொன்னபடி நடந்தாலும் சரி, நடக்காமல் போனாலும் சரி, நாம் பார்க்கிற பந்தயமே வேறாகிவிடும்.

இன்னொரு நுணுக்கம், குரலை எங்கே தொடங்குவது என்பது. முதல் சுற்றிலேயே உச்சஸ்தாயிக்குப் போய்விட்டவருக்குக் கடைசிச் சுற்றில் ஏற இடம் இருக்காது. கச்சேரி கேட்கிற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிண்டியில் குதிரைப் பந்தயத்துக்கு வர்ணனை சொன்னவர்களின் கட்டுப்பாடு இன்னும் கடுமை. 1,200 மீட்டர் ஓட்டம் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலே போனால் முடிந்துவிடும். அதற்குள் ஜாக்கிகளின் சட்டை நிறங்களை வைத்துக் குதிரைகளைப் பிரித்து, பெயர் பிசகாமல், முன்பின் மாறாமல் சொல்லி முடிக்க வேண்டியிருந்தது. அங்கே குதிரை மேல் பணம் கட்டியவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பெயர் தவறினால் மன்னிக்க மாட்டார்கள்.

எனக்கு எல்லாவற்றிலும் பெரிய நயமாகத் தோன்றுவது, ஒருவர் விழும்போது வர்ணனையாளர் என்ன சொல்கிறார் என்பது. விழுந்தது எந்த வளைவு, எந்த நம்பர், எழுந்தாரா. இந்த மூன்றையும் இந்த வரிசையில் சொல்லிவிட்டு, தெரியாததை ஊகிக்காமல் இருப்பவர் பெரிய ஆள். ஓட்டியவரின் அம்மா மேடையில் உட்கார்ந்திருக்கலாம். “எழுந்து நடக்கிறார்” என்ற சொல் அவர் காதுக்குத்தான் முதலில் போகவேண்டும் என்பது புரிந்தவர் மைக்கின் அருமை தெரிந்தவர்.

இந்தக் கலையில் உலக அளவுக்குப் போன சென்னைக்காரர் கருண் சந்தோக். 1984ல் பிறந்தவர். இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்தைக் கட்டிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பை 1950களில் தொடங்கியவர்களில் இவருடைய தாத்தா இந்து சந்தோக்கும் ஒருவர். அந்தக் காலத்தில் பந்தயம் நடந்தது செங்குன்றத்துக்கு அப்பால், சோழவரத்தின் பழைய விமான ஓடுபாதையில். 1990ல் இருங்காட்டுக்கோட்டைத் தளம் வந்தது. அங்கே ஓட்டி வளர்ந்த கருண், 2010ல் நரேன் கார்த்திகேயனுக்கு அடுத்து பார்முலா ஒன்னுக்குள் நுழைந்த இரண்டாவது இந்தியர் ஆனார்.

நுழைந்த விதத்தைச் சொல்ல வேண்டும். பஹ்ரைனில் முதல் பந்தயம். அணி புதிது, காரைக் கோத்து முடிக்கவில்லை. பயிற்சி ஓட்டங்கள் எல்லாம் அப்படியே போயின. அந்தக் காரில் அவர் முதன்முதலாக ஏறி ஓட்டியதே தகுதிச் சுற்றில்தான். அடுத்த நாள் பந்தயம் தொடங்கியதுமே ஒரு மேட்டில் தூக்கிப் போட்டு வண்டி மோதி நின்றது. மொனாக்கோவில் இன்னொருவரின் கார் இவர் தலைக்கு மேலேயே ஏறி இறங்கியது. பாதி சீசனில் இடமும் போயிற்று. அடுத்த ஆண்டு ஒரு பந்தயம். மொத்தம் 11. ஒரு புள்ளிகூட இல்லை.

அதே ஆள் இன்று ஸ்கை தொலைக்காட்சியில் பேசும்போது ஜெயித்தவர்கள்கூடக் காது கொடுத்துக் கேட்கிறார்கள். தகுதிச் சுற்று முடிந்ததும் ஒரு பெரிய தொடுதிரைக்கு முன்னால் நிற்பார். முதலிடம் பிடித்தவரின் சுற்றையும் இரண்டாமவரின் சுற்றையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட விடுவார். நமக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அவர் படத்தை நிறுத்தி, ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகு இன்னொரு சின்னத் திருத்தம் செய்ததைக் காட்டுவார். அதனால் ஆக்சிலேட்டரை மிதிக்கக் கொஞ்சம் தாமதமானதைக் காட்டுவார். அந்தத் தாமதம் நேர்பாதை நெடுக வளர்ந்து எவ்வளவு ஆனது என்று காட்டுவார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கண்ணை மூடிக்கொண்டு, ‘இந்த வண்டி மிஸ்ஸிங் அடிக்குதுப்பா, பிளக்கைப் பாரு’ என்று சொல்கிற மெக்கானிக்கிடம் இருப்பதும் இதே ஞானம்தான். கேட்டவுடன் சொல்வது, சொன்னதற்குக் காரணமும் காட்டுவது.

மெதுவான காரில் ஓட்டியவருக்கு இது கைவந்ததில் ஆச்சரியம் இல்லை என்பேன். வேகமான காரில் இருப்பவருக்கு முன்னால் வெறும் தார்ச்சாலை. கடைசியில் ஓடுகிறவரை எல்லாரும் முந்திப் போகிறார்கள். எல்லாருடைய ஓட்டத்தையும் அவர் பக்கத்திலிருந்து பார்த்தாக வேண்டும். இதே ஸ்கையின் மார்ட்டின் பிரண்டிலும் 158 பந்தயம் ஓடி ஒன்றுகூட ஜெயிக்காதவர். அவர் மைக்கைப் பிடித்து கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது.

சரி, வரும்படி? பந்தய உலகத்தில் பெரும்பாலோர் பணம் கொடுத்து ஓட்டுகிறவர்கள். டயர், எண்ணெய், என்ட்ரி கட்டணம், உடைந்த பாகம் எல்லாம் கைக்காசு அல்லது ஸ்பான்சர் காசு. அந்தக் கூட்டத்தில் பணம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற சிலரில் வர்ணனையாளரும் ஒருவர். ஆனால் அது மாதச் சம்பளம் அன்று. நாளுக்கு இவ்வளவு, போக்குவரத்து, தங்குமிடம் என்று பேசிக்கொள்கிற வேலை. வெள்ளி பயிற்சி, சனி தகுதிச் சுற்று, ஞாயிறு பந்தயம். நம் நாட்டில் இப்படி வாரக்கடைசிகள் ஆண்டுக்கு எத்தனை வந்துவிடும்? ஓட்டுநர்களின் பழைய முடிவுகளைத் தேடி எடுத்து, நாகாலாந்திலிருந்து கேரளம் வரை வரும் பெயர்களை வாயில் பழக்கி, நேரக் கணக்குகளைத் தாளில் எழுதி வைக்கிற முந்தைய வாரத்துக்குத் தனியாகக் கூலி கிடையாது. கிரிக்கெட் வேறு உலகம். 2011ல் கவாஸ்கருக்கும் ரவி சாஸ்திரிக்கும் வர்ணனைக்காக வாரியம் ஆண்டுக்கு 3.6 கோடி ரூபாய் தருவதாகப் பத்திரிகைகள் எழுதின. மோட்டார் பந்தயத்தில் அந்தக் கணக்குக்குப் பக்கத்தில் போகிறவர்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான்.

பந்தய வர்ணனைக்கே பெயர்போன பிரிட்டனின் முர்ரே வாக்கர் கதை இதற்குச் சரியான சாட்சி. இரண்டாம் உலகப் போரில் டாங்கிப் படையில் இருந்தவர். 1949ல் பிபிசிக்காகப் பந்தயம் வர்ணித்தார். ஆனாலும் 1982 வரை, கிட்டத்தட்ட 59 வயது வரை, விளம்பர நிறுவனத்தில் அலுவலக வேலை பார்த்தார். மைக் வாரக்கடைசிக்கு. 2001ல் ஓய்வு பெறும்போது அந்த விளையாட்டின் குரலே அவர்தான் என்று உலகம் சொன்னது.

நம் ஊர் ஓடுதளத்தில் வர்ணனை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. 2025 ஜனவரியில் அஜித் குமாரின் அணி துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோது இங்கே கொண்டாடியவர்களில் எத்தனை பேருக்குப் ‘பிரிவு’ என்றால் என்ன என்று யாராவது எடுத்துச் சொல்லியிருப்பார்கள்? அலங்காநல்லூர் வாடிவாசலில் மைக் பிடிக்கிறவர், மாட்டின் ஊர், உரிமையாளர், பரிசு, வீரனின் நம்பர் அத்தனையும் ஒரே மூச்சில் சொல்கிறார். அந்த வாய் தமிழில் இருக்கிறது. பந்தயம் நடத்துகிறவர்கள் ஒரு நாள், ஒரே ஒரு பந்தயத்துக்காவது, ஒரு தமிழ் மைக்கை வைத்துப் பார்க்கலாம்.

அம்பத்தூரிலோ ஆவடியிலோ இந்த ஆசையோடு இருக்கிற தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ஏதாவது ஒரு பழைய பந்தயத்தின் வீடியோவை எடுத்துச் சத்தத்தை அணைத்துவிட்டு ஐந்து சுற்றுக்கு நீங்களே பேசி, போனில் பதிவு செய்யுங்கள். மறுநாள் கேளுங்கள். கண்ணுக்குத் தெரிந்ததையே திரும்பச் சொன்ன இடங்களை எல்லாம் வெட்டிவிட்டு மறுபடி பேசுங்கள். மிச்சம் இருப்பதுதான் வர்ணனை. இப்போது பார்க்கிற வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள். முர்ரே வாக்கரே 59 வயது வரை விடவில்லை.