அகுஸ்தீனும் பேரிக்காய்களும்

புனித அகுஸ்தீன் ஏறத்தாழ கி.பி. 397–400இல் இலத்தீனில் எழுதிய தன்வரலாற்று நூல் 'ஒப்புதல்கள்'. இதன் இரண்டாம் பகுதியில், 16 வயதில் நண்பர்களோடு பேரிக்காய் திருடியதை அவர் நினைவுகூர்கிறார். பசியில்லை, காய்களும் சுவையானவை அல்ல, பெரும்பாலானவை பன்றிகளுக்கே போயின. திருடுவதில் கிடைத்த இன்பத்துக்காகவே திருடியதுதான், 40 வயதைக் கடந்து ஆயரான பின்னும் அவரை உறுத்துகிறது. இறைவன் மன்னித்துவிட்டார் என்று அதே பகுதியில் நன்றி கூறுகிறார். ஆயினும் அந்த இரவை விட்டு அவரால் நகர முடியவில்லை. மன்னிப்புக்குப் பின்னும் தொடரும் இந்த வருத்தமே அப்பகுதியின் வலிமை.

ஆனால், பல்லாண்டு உடன் வாழ்ந்து மகனையும் பெற்றெடுத்த பெண், அவரது திருமணத்துக்குத் தடையென ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டதை ஆறாம் பகுதியில் சில வரிகளில் முடித்துவிடுகிறார். அவ்வரிகளிலும் பெரிதும் தெரிவது அவரது நெஞ்சின் காயமே. அவள் பெயர் நூலில் எங்கும் இல்லை.