கோல்புரூக்டேல் இரும்பு

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில், செவர்ன் ஆற்றுக்கு அருகே உள்ள கோல்புரூக்டேலில் ஆபிரகாம் டார்பி உலை போட வந்தபோது அவர் குறி சமையல் சட்டிதான். மணல் அச்சில் இரும்புச் சட்டி வார்க்க 1707-லேயே காப்புரிமை வாங்கியிருந்தார். நிலக்கரியை அப்படியே போட்டால் அதிலுள்ள கந்தகம் இரும்பைக் கெடுக்கும். டார்பி அதைச் சுட்டுக் கல்கரியாக்கி, 1709-ல் இரும்பு உருக்கினார். அந்த இரும்பு அச்சுக்குள் நன்றாக ஓடியது; மெல்லிய சட்டிகள் வந்தன.

பேரன் மூன்றாம் டார்பி காலத்தில், 1779-ல், டார்பி குடும்ப நிறுவனம் செவர்ன் ஆற்றின் குறுக்கே வார்ப்பிரும்புப் பாலத்தை நிறுத்தியது. நான் ரசிப்பது அதன் மூட்டுகளை. இரும்பை எப்படி இணைப்பதென்று முன்மாதிரி இல்லை. எனவே தச்சர் வழியையே பிடித்தார்கள். துளைக்குள் முனையைச் செருகி ஆப்பு அடித்திருக்கிறார்கள், ஏதோ கதவு நிலை செய்வதுபோல! பயத்தில் இரும்பையும் அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள்: 378 டன். ஆற்றின் மேல்பக்கம், பில்ட்வாஸில், 1796-ல் பொறியாளர் டெல்ஃபோர்டு வடிவமைத்த பாலத்துக்கும் இவர்களே வார்த்தார்கள். அது இன்னும் அகலமாகத் தாவியது. எடையோ பாதிக்கும் குறைவு.