கூண்டுக்கு ஊர் கொடுக்கும் விலை

எம்எம்ஏ என்னும் கலப்புத் தற்காப்புச் சண்டைகளைக் கூண்டுக்குள் நடத்தும் அமெரிக்க நிறுவனமான யூஎஃப்சி எந்த ஊருக்கு வரும் என்று தீர்மானிக்க, அந்த ஊரில் எத்தனை ரசிகர்கள் இருக்கிறார்கள் என்று பார்த்தால் இப்போது போதாது. அந்த ஊரின் அரசு எவ்வளவு கொடுக்கும் என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலிய அரசு பணம் கொடுத்து 2023 பிப்ரவரியில் யூஎஃப்சி 284 நிகழ்ச்சியைப் பெர்த்துக்கு வரவழைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நியூ சவுத் வேல்ஸ் அரசு இன்னொரு நிகழ்ச்சியைச் சிட்னிக்கு வரவழைத்தது. அபுதாபி 2019இலேயே ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டிருந்தது. ரியாத் 2024 ஜூனில் சேர்ந்துகொண்டது. தொழில் வட்டாரத்தில் இந்தத் தொகைக்கு ‘சைட் ஃபீ’ என்று பெயர். யூஎஃப்சியையும் மல்யுத்த நிறுவனமான டபிள்யூடபிள்யூஈயையும் இணைத்து 2023 செப்டம்பரில் உருவான டிகேஓ நிறுவனம், வளர்ந்துவரும் வருவாய் வழிகளில் ஒன்றாக இதை முதலீட்டாளர்களிடம் எடுத்துச் சொல்கிறது.

ரசிகர்கள் மகிழ்கிறார்கள். ஹோட்டல்கள் நிரம்புகின்றன, விமானங்கள் நிரம்புகின்றன, ஊரின் பெயர் உலகம் முழுக்கத் தொலைக்காட்சியில் வருகிறது. அரசு கொஞ்சம் கொடுத்தால் என்ன குறைந்துபோய்விடும் என்பது அவர்கள் தரப்பு வாதம். ஊருக்கு லாபம், நிறுவனத்துக்கு லாபம், ரசிகருக்குக் கொண்டாட்டம் என்று அடுக்கும் இந்தக் கணக்கில் ஓர் ஆளைக் காணவில்லை. கூண்டுக்குள் இறங்கி அடி வாங்குகிறவர்தான் அவர்.

புதிய ஊர்களால் எம்எம்ஏவுக்கு நல்லது நடந்திருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. 1997இல் நியூயார்க் மாநிலம் தடை விதித்தபோது, நயாகரா ஃபால்ஸில் நடக்கவிருந்த யூஎஃப்சி 12ஐ முந்தைய நாள் மூட்டை கட்டி அலபாமாவின் டோத்தன் நகருக்குக் கொண்டுபோனார்கள். அந்த நிலையிலிருந்து விதிகள், எடைப் பிரிவுகள், மருத்துவர்கள், மாநில ஆணையங்கள் என்று விளையாட்டு ஒழுங்குக்கு வந்ததற்கு, ஒவ்வோர் ஊராக அனுமதி கேட்டு ஏறி இறங்கியதும் ஒரு காரணம். ஒன்டாரியோ அனுமதித்த பிறகு 2011 ஏப்ரலில் டொரன்டோ அரங்கில் 55,724 பேர் கூடினார்கள். விக்டோரியா மாநிலம் 2015இல் கூண்டுத் தடையை நீக்கியது. அதே ஆண்டு நவம்பரில் சாம்பியன் ரோண்டா ரௌஸியை ஹாலி ஹோம் வீழ்த்தியதை மெல்போர்னில் 56,214 பேர் நேரில் பார்த்தார்கள். 2014 ஜூலையில் டப்ளின் அரங்கில் அந்த ஊர் வீரர் கானர் மெக்ரெகருக்காக எழுந்த கூச்சல் எந்த விளம்பரத்தாலும் வரவழைக்கக்கூடியது அல்ல.

இவை எல்லாம் சரி. ஆனால் அந்தக் கூச்சலை விற்றுக் கிடைத்த பணம் யாரிடம் போய்ச் சேர்ந்தது?

யூஎஃப்சி வீரர்கள் சிலர் 2014 டிசம்பரில் அந்த நிறுவனத்தின் மீது அமெரிக்க நீதிமன்றத்தில் ஏகபோக எதிர்ப்பு வழக்குத் தொடுத்தார்கள். வழக்கில் வெளிவந்த ஆவணங்கள் காட்டியது இது: நிறுவனத்தின் வருவாயில் வீரர்களுக்குப் போனது சுமார் ஐந்தில் ஒரு பங்கு. அமெரிக்காவின் கூடைப்பந்து லீகிலும் அமெரிக்கப் பாணிக் கால்பந்து லீகிலும் வீரர்களின் பங்கு ஏறக்குறையப் பாதி. அங்கே சங்கம் இருக்கிறது, கூட்டு ஒப்பந்தம் இருக்கிறது. யூஎஃப்சி வீரரோ தனி ஒப்பந்தக்காரர், ஊழியர்கூட அல்ல. 2024இல் 33.5 கோடி டாலருக்குச் சமரசம் பேசப்பட்டபோது நீதிபதி ரிச்சர்ட் பௌல்வேர் அதை ஏற்க மறுத்தார். பிறகு 37.5 கோடி டாலருக்கு முடிவானது. அந்த இழப்பீடு 2010 டிசம்பர் முதல் 2017 ஜூன் வரை சண்டையிட்டவர்களுக்கானது. டொரன்டோ, டப்ளின், மெல்போர்ன் என்று ரசிகர்கள் பொற்காலமாகப் பேசும் இரவுகள் எல்லாம் அந்த ஆண்டுகளுக்குள்தான் வருகின்றன. ஒரு விளையாட்டு புதிய நகரங்களை வென்ற காலமும், அதன் வீரர்கள் தங்களுக்கு உரியது கிடைக்கவில்லை என்று வழக்காடிய காலமும் ஒன்றே என்பதைப் புகழ்பாடுகிறவர்கள் பேசுவதே இல்லை.

சைட் ஃபீ இந்த அநீதியை இன்னும் ஆழமாக்குகிறது. டிக்கெட் விற்பனையோ ஒளிபரப்போ உயர்ந்தால், அதைக் காட்டி வீரர் கூடுதலாகக் கேட்கலாம். கிடைக்கிறதோ இல்லையோ, கேட்பதற்கு ஒரு கணக்காவது இருக்கிறது. அரசு கொடுக்கும் தொகையில் அதுவும் இல்லை. அது அரசுக்கும் நிறுவனத்துக்கும் இடையில் முடிந்துவிடுகிறது. எவ்வளவு என்று கேட்டால், வணிக ரகசியம் என்ற பதிலே ஆஸ்திரேலிய மாநிலங்களில் வழக்கமாக வருகிறது. வரி கட்டுகிறவருக்கும் தெரியாது, சண்டை போடுகிறவருக்கும் தெரியாது.

குத்துச்சண்டையை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்தத் தொழில் யோக்கியமானது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் 2000ஆம் ஆண்டின் முகமது அலி குத்துச்சண்டைச் சீர்திருத்தச் சட்டம், ஒரு சண்டையில் தனக்கு என்ன வருகிறது என்பதை ஏற்பாட்டாளர் அந்த வீரரிடம் சொல்லியாக வேண்டும் என்கிறது. எம்எம்ஏவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. இதன் விளைவு என்ன என்பதற்கு ஃபிரான்சிஸ் இங்கானு சாட்சி. ஹெவிவெயிட் சாம்பியனாக அவர் 2022 ஜனவரியில் பட்டத்தைக் காத்த சண்டைக்கு, கலிஃபோர்னியா ஆணையத்தின் பதிவில் உள்ள ஊதியம் 6 லட்சம் டாலர். சக வீரர்களுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும் என்றும் கேட்டார். பேச்சு முறிந்து, 2023 ஜனவரியில் சாம்பியனாக இருக்கும்போதே வெளியேறினார். அதே ஆண்டு அக்டோபரில் ரியாத்தில் டைசன் ஃபியூரியுடன் குத்துச்சண்டை போட்டு, மூன்றாம் சுற்றில் அவரைத் தரையில் விழவும் வைத்தார். சண்டையில் தோற்றாலும், யூஎஃப்சியில் அத்தனை ஆண்டுகள் காணாத பணத்தை அந்த ஓர் இரவில் பார்த்தார். சவுதி அரசு விளையாட்டின் வழியே தன் பெயரைக் கழுவிக்கொள்கிறது என்ற குற்றச்சாட்டு வேறு, அது நியாயமானதும்கூட. இங்கே கவனிக்க வேண்டியது, அதே ரியாத்தின் பணம் குத்துச்சண்டையில் வீரரின் கைக்கு வருகிறது, எம்எம்ஏவில் நிறுவனத்தின் கணக்கோடு நின்றுவிடுகிறது என்பதே.

இங்கானு உச்சத்தில் இருந்தவர். கீழே இருப்பவரின் கணக்கு வேறு. புதிதாக வருகிறவருக்குக் கூண்டில் ஏறினால் 10,000 அல்லது 12,000 டாலர், வென்றால் இன்னொரு பங்கு என்பதே பல ஆண்டுகளாகப் பரவலாக இருந்த நிலை. தோற்றால் பாதி போச்சு. கிடைத்த பாதியிலிருந்து பயிற்சியாளர், மேலாளர், பயிற்சிக்கூடம், வரி. ஆண்டுக்கு இரண்டு மூன்று சண்டை கிடைத்தாலே அதிர்ஷ்டம்.

உள்ளூர்க்காரர் என்பதால் ஒருவருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கலாமே என்றால், அந்த வழியையும் அடைத்திருக்கிறார்கள். 2015 ஜூலை வரை வீரர்கள் தங்கள் விளம்பரதாரர்களைத் தாங்களே பிடித்துக்கொண்டார்கள். ஊரில் இருக்கும் கார் கடை, உணவகம், உடற்பயிற்சிக்கூடம் எல்லாம் அவர்களின் கால்சட்டையில் இடம் பிடித்தன. அந்த மாதம் ரீபாக் சீருடை வந்தது. அதன் கீழ் ஐந்து சண்டைக்குள் இருக்கும் வீரருக்கு, ஒரு சண்டைக்கு 2,500 டாலர் என்று விகிதம் வைத்தார்கள். இப்போது வேனம் சீருடை. தன் ஊருக்கே கூண்டு வந்தாலும், தன் தெருக்கடைக்காரரின் பெயரை அணிந்துகொண்டு வீரர் உள்ளே போக முடியாது. ஊர் தன்னை விளம்பரப்படுத்திக்கொள்ளலாம். 2024 செப்டம்பரில் லாஸ் வேகஸில் நடந்த சண்டைக்கே ‘ரியாத் சீசன்’ என்ற பெயரை விற்றார்கள். வீரருக்கு மட்டும் அந்த உரிமை கிடையாது.

இடமாற்றத்தின் சுமையும் அவர் உடம்பின் மீதே விழுகிறது. கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது மெக்சிகோ சிட்டி. மெக்சிக ரசிகர்களுக்காகவே அங்கே நிறுத்தப்பட்ட கேய்ன் வெலாஸ்கெஸ், 2015 ஜூனில் முதல் சுற்று முடிவதற்குள்ளேயே மூச்சு வாங்கத் தொடங்கி, மூன்றாம் சுற்றில் ஃபாப்ரிசியோ வெர்டுமிடம் பட்டத்தை இழந்தார். மான்செஸ்டரில் 2024 ஜூலையில் நடந்தது இன்னும் மோசம். அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வசதியாக, முதன்மைச் சண்டைகள் அந்த ஊர் நேரப்படி அதிகாலை 3 மணிக்குத் தொடங்கின. பட்டத்தைக் காக்க லியோன் எட்வர்ட்ஸ் கூண்டில் ஏறியபோது விடியலை நெருங்கிவிட்டது. சண்டை அந்த ஊருக்கு வந்தது என்று இதைச் சொல்ல முடியுமா? ஊரை வாடகைக்கு எடுத்து, அமெரிக்க இரவுக்கு ஒரு பின்திரையாகக் கட்டினார்கள் என்பதே பொருத்தம். அந்த நேரத்திலும் விழித்திருந்து இருக்கைகளை நிரப்பிய ரசிகர்களின் அன்பு, நிறுவனத்துக்குத் தைரியம் கொடுக்கிறது; அடுத்த ஊரிலும் இதையே செய்யலாம் என்ற தைரியம்.

நிறுவனத்துக்குப் பணமுடையா என்றால், அதுவும் இல்லை. 2001இல் 20 லட்சம் டாலருக்குக் கைமாறிய யூஎஃப்சி, 2016இல் சுமார் 400 கோடிக்கு விற்கப்பட்டது. பாரமௌண்டுடன் 2025 ஆகஸ்டில் ஏழு ஆண்டுகளுக்கு 770 கோடி டாலர் ஒளிபரப்பு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. லாஸ் வேகஸில் ஏபெக்ஸ் என்ற சொந்தக் கூடமும் இருக்கிறது. கொள்ளைநோய்க் காலத்தில் பார்வையாளர் இல்லாமல் சண்டை நடத்திய அந்தக் கூடத்தைப் பிறகும் விடவில்லை. யாரும் பணம் தராவிட்டால் அங்கே நடத்திக்கொள்ளலாம் என்ற நிலையில், தங்கள் முறை எப்போது என்று ஊர்கள்தான் தவிக்கின்றன.

இந்தத் தவிப்பு இந்தியாவுக்கும் வரும். யூஎஃப்சி இங்கே இன்னும் ஒரு சண்டையும் நடத்தவில்லை. பரத் கண்டாரே 2017இல் அதன் கூண்டில் ஏறிய முதல் இந்தியர். பூஜா தோமர் 2024 ஜூனில் அங்கே வென்ற முதல் இந்தியப் பெண். ரசிகர் கூட்டம் பெருகிவருகிறது. ஏதாவது ஒரு மாநிலம் சுற்றுலாப் பணத்தை எடுத்து நீட்டும் நாள் வரும்போது, பூஜா போன்றவர்களுக்கு அதில் என்ன பங்கு என்று கேட்காமல் டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்பது ரசிகருக்கு அழகல்ல.

கேட்டால் நிறுவனம் வேறு ஊருக்குப் போய்விடும் என்று அஞ்சுகிறவர்கள் நியூயார்க்கைப் பார்க்கலாம். அங்குள்ள மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கத்தில் 2013 நவம்பரில் நடந்த சண்டைக்குப் பிறகு, மூளைக் காயத்தால் முடங்கினார் குத்துச்சண்டை வீரர் மகோமெட் அப்துசலாமோவ். 2016இல் எம்எம்ஏவுக்கான தடையை நீக்கிய அதே சட்டத்தில், உயிருக்கு ஆபத்தான மூளைக் காயத்துக்கு வீரர் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் டாலர் காப்பீட்டை ஏற்பாட்டாளரே எடுக்க வேண்டும் என்று மாநிலம் விதித்தது. சிறிய குத்துச்சண்டை ஏற்பாட்டாளர்கள் அதனால் திணறியது உண்மை. அவர்களுக்கு மாநிலம் உதவியிருக்க வேண்டும். ஆனால் யூஎஃப்சி அந்தக் காப்பீட்டை எடுத்துக்கொண்டு 2016 நவம்பர் 12 அன்று வந்தது, ஒரே இரவில் 1.77 கோடி டாலருக்கு டிக்கெட் விற்றது. 2020 நீங்கலாக, அதன் பிறகு 2025 வரை ஒவ்வொரு நவம்பரிலும் அதே அரங்கத்துக்கு வந்திருக்கிறது.