பின்பாட்டு இல்லாத பேச்சு

இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் நாகர்கோவிலில் தொடங்கப்பெற்றது. பெருநகரங்கள் பல இருக்க, நாட்டின் தென்கோடியிலுள்ள ஒரு சிறு மாவட்டத்தை இம்முயற்சிக்குத் தெரிந்தெடுத்தது நமக்குப் பெருமை தரும் செய்தியே. திருச்சி (1939), திருநெல்வேலி (1963) போன்ற நிலையங்கள் பல மாவட்டங்களுக்குப் பொதுவாகப் பேசி வந்தன. ஒரு மாவட்டத்து மக்கள் தம் செய்தியையும் கலையையும் தம்மவர் குரலிலேயே கேட்க வேண்டும் என்பது உள்ளூர் வானொலியின் நோக்கம்.

தொடங்கிய மறுநாளே நாட்டின் வானொலிக்கு ஒரு சோதனை வந்தது. பிரதமர் இந்திரா காந்தி சுடப்பட்டு இறந்த செய்தியை அயல்நாட்டு பி.பி.சி. முந்திச் சொல்ல, நம் வானொலியோ மாலை வரை அதனை அறிவிக்கவில்லை. மேலிடத்தின் முகம் பார்த்து வாய் திறக்கும் அந்தப் பழக்கம் தில்லியோடு நின்றுவிட்டதா, மாவட்டத்து ஒலிவாங்கி வரைக்கும் வந்ததா என்பதே நம் கேள்வி.

கேள்வி சிறிதன்று. தனியார் பண்பலை நிலையங்கள் இந்நாட்டில் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்பலாகாது. அரசு வானொலியின் செய்தியறிக்கையை மாற்றமின்றி எடுத்து ஒலிபரப்பவே அவற்றுக்கு இசைவு உண்டு. சமுதாய வானொலிகளுக்கும் இதே கட்டுப்பாடுதான். ஆகவே வானலையில் வட்டாரச் செய்தி என்று ஒன்று இருக்குமாயின், அது பொது வானொலி தந்தால்தான் உண்டு. வேறொருவர் வந்து அக்குறையை நிரப்ப வழியில்லை. ஏகபோகம் பெற்றவனுக்குப் பொறுப்பும் அவ்வளவு மிகுதி அன்றோ?

இனி, வானொலி உரை என்னும் வடிவத்தைப் பார்ப்போம். உள்ளூர்ப் பேராசிரியரோ, தமிழாசிரியரோ, மருத்துவரோ அழைக்கப்படுகிறார். அவர் முன்கூட்டியே உரையை எழுதித் தருகிறார். நிலையத்தார் அதனைப் படித்துப் பார்க்கின்றனர். ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர் அதனை வாசிக்கிறார். 1960களில் வகுக்கப்பட்ட ஒலிபரப்பு நெறிகளின்படி அரசியல் கட்சியைப் பெயர் சொல்லித் தாக்கலாகாது, மதத்தைப் பழிக்கலாகாது. இந்த விலக்குகளில் பல நியாயமானவை. வெறுப்பை வானலையில் விற்கும் காலத்தில் அவற்றின் அருமை நன்கு புலப்படுகிறது. ஆனால் விலக்கப்படாதவற்றையும் சேர்த்து விலக்கிக்கொள்வது பேசுவோரின் வழக்கமாகிவிட்டது. ஊர்க் குளம் தூர்ந்ததைப் பற்றிய உரையில் நீரின் சிறப்பு வரும், முன்னோரின் நீர் மேலாண்மை வரும். குளத்தின் பெயர் வராது. பெயர் வராத வரை அது எந்த ஊருக்கும் பொருந்தும் உரை. எந்த ஊருக்கும் பொருந்துவதை ஒலிபரப்ப உள்ளூர் நிலையம் எதற்கு?

வட்டாரக் கலையை வானொலி நடத்தும் முறையைப் பார்த்தால் இக்குறையின் வேர் தெரிகிறது. குமரி, நெல்லை மாவட்டங்களின் தனிச்சொத்து வில்லுப்பாட்டு. அம்மன் கோயில் கொடைகளில் இரவெல்லாம் நிகழ்வது. நம் கிறித்தவச் சிற்றூர்களிலும் விவிலியக் கதைகளையும் புனிதர் வரலாறுகளையும் வில்லில் பாடியிருக்கிறார்கள். வானொலி இக்கலைக்கு இடம் தந்தது. கோயில் வளாகத்துக்குள் வர இயலாதவரும் கேட்க வழி செய்தது. அது நன்றியோடு நினைக்கத் தக்கது. ஆயினும் இரவு முழுதும் விரியும் கதையை அரை மணிக்குள் அடக்கும்போது கதை மிஞ்சுகிறது, கொடை போய்விடுகிறது. பாட்டு ஏற ஏற அருள் வந்து ஆடும் சாமியாடி ஒலிப்பதிவுக் கூடத்தில் இல்லை; அவரை எதிர்பார்த்து வேகத்தைக் கூட்டும் குடமும் உடுக்கையும் அங்கே யாரை எதிர்பார்க்கும்?

நாம் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புவது வேறொன்று. வில்லுப்பாட்டில் ஒருவர் தனித்துப் பேசுவதே இல்லை. வீசுகோலால் வில்லை அடித்துக் கதை சொல்லும் புலவர் ஓர் அடி பாடினால், இடப்புறம் இருப்பவர்கள் அதனை ஏற்றுப் பாடுவார்கள், வசனம் வரும்போது ‘ஆமா’ என்பார்கள், ‘அப்புறம்?’ என்பார்கள், சில வேளை ‘அதெப்படி?’ என்று மடக்கவும் செய்வார்கள். அந்த மடக்கலில்தான் கதை உயிர் பெறுகிறது. கேட்டுக்கொண்டிருக்கும் ஊராரின் ஐயத்தை மேடையிலேயே ஒருவர் கேட்டுவிடுகிறார். பேச்சுக்கு இத்தகைய இலக்கணத்தை வைத்திருந்த மண்ணில் நிறுவப்பட்ட நிலையம், வில்லுப்பாட்டைக் கலை நிகழ்ச்சியாக ஒலிபரப்பியதே தவிர, அதன் இலக்கணத்தைத் தன் உரைகளுக்குக் கடன் வாங்கவில்லை. உரையாளர் பேசுகிறார், இடப்புறம் காலியாக இருக்கிறது.

மறுமொழிக்கு இடம் கொடுத்த வேளைகளில் பொது வானொலி அரிய காரியங்களைச் செய்திருக்கிறது. 1960களின் நடுவில் ஆடுதுறை ஆய்வு நிலையத்தின் ஏ.டி.டி. 27 என்னும் நெல் தஞ்சைப் பகுதியில் பரவியபோது, உழவர்கள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்தனர். திருச்சி நிலையத்தின் வேளாண் ஒலிபரப்பு வழியே அதனை அறிந்ததுதான் காரணம். உழவர் மொழியில், உழவர் கேட்கும் கேள்விக்கு விடையாக அச்செய்தி சென்றது. பயிர் பட்டுப்போனால் மறு வாரம் கேள்வி வரும் என்று பேசுவோருக்குத் தெரிந்திருந்தது. விளைவைப் பற்றிய அச்சம் சொல்லைத் திருத்தும்.

கடலுக்கு அவ்வாறு ஒரு ‘ரேடியோ நெல்’ வாய்க்கவில்லை. நம் கடற்கரை ஊர்களில் காற்றுக்குப் பெயர் உண்டு: வாடை, கொண்டல், கச்சான், சோழகம். நீரோட்டத்துக்கு நீவாடு என்ற சொல் உண்டு. வானொலியின் வானிலை அறிக்கையிலோ தென்மேற்குத் திசையிலிருந்து மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசக்கூடும். அறிவியலுக்கு அது சரி. அந்த அளவுகள் தேவை என்பதையும் மறுக்கமாட்டோம். ஆனால் அளவோடு பெயரையும் சேர்த்துச் சொல்வதற்கு எந்த விதி தடை? கரையில் அமர்ந்து ‘கச்சான் முறுகுது’ என்று சொல்லும் மூத்த மீனவரையும் வானிலை அறிஞரையும் ஒரே ஒலிவாங்கியின் முன் அமர்த்துவது உள்ளூர் நிலையத்துக்கு மட்டுமே எளிதில் கைகூடும் காரியம். கடற்கரையின் சொல்வளம் முழுவதும் அச்சேறுவதற்கு 2004இல் ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ நாவல் வர வேண்டியிருந்தது. வானொலிக்கு அதற்கு முன்னரே இருபது ஆண்டு வாய்ப்பு இருந்தது.

2017 நவம்பர் 30 அன்று குமரிக் கடலில் ஒக்கிப் புயல் உருவாகி வீசியபோது தூத்தூர்ப் பகுதியின் ஆழ்கடல் படகுகள் பல நாள்களுக்கு முன்பே கடலுக்குள் சென்றிருந்தன. கரையின் எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. மாண்டோர், மீளாதோர் பெயர்களைப் பங்குகள்தோறும் திரட்ட வேண்டியதாயிற்று. ஒரு வானொலி நிலையம் அவர்களைக் காப்பாற்றியிருக்கும் என்று நாம் சொல்ல வரவில்லை. அவ்வளவு தொலைவுக்குச் செயற்கைக்கோள் வழித் தொடர்பே வேண்டும். எனினும் அலைகளின் இயல்பை ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம். பண்பலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது. தொடுவானத்தைச் சிறிது தாண்டியதும் கைவிட்டுவிடும். மத்திய அலையோ உப்பு நீரின் மீது தரையைவிட நெடுந்தொலைவு செல்லும். அண்மை ஆண்டுகளில் நாடெங்கும் மத்திய அலைபரப்பிகள் பல மூடப்பட்டன. ஒலித் தெளிவும் சிக்கனமும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. நகரத்துச் செவிக்கு அது ஆதாயம். கரைக்கு அப்பால் வலை விரித்துக் காத்திருப்பவனுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

2023 மே மாதம் முதல் ‘ஆல் இந்தியா ரேடியோ’ என்ற பெயரை விடுத்து ‘ஆகாசவாணி’ என்றே சொல்ல வேண்டும் என ஆணை வந்தபோது தமிழகத்தில் எதிர்ப்பு எழுந்தது. நமக்கும் ‘வானொலி’ என்ற சொல்லே இனிது. ஆனால் பெயருக்கு எழுந்த குரலில் பாதியேனும், அப்பெயரின் கீழ் நம் ஊர்ப் பேச்சு எவ்வளவு வருகிறது என்பதற்கு எழுந்ததில்லை. நேயர் கடிதங்களை எடுத்துப் பார்த்தால், ‘நிகழ்ச்சி அருமை’ என்ற வரிதானே மிகுதி? இடப்புறம் காலியாக இருப்பதில் நம் பங்கும் உண்டு.

பாம்பனில் 2016ஆம் ஆண்டு முதல் ‘கடல் ஓசை’ என்னும் சமுதாய வானொலி மீனவர்களுக்காகவே ஒலிக்கத் தொடங்கியது. காற்றைச் சொல்லலாம், அலையின் உயரத்தைச் சொல்லலாம், மீனவரின் பாட்டைப் பாடலாம். பாம்பன் படகொன்று எல்லை தாண்டியதாகப் பிடிபட்டால் மட்டும், அதனைத் தன் செய்தியாகச் சொல்ல அதற்கு உரிமை இல்லை. அரசு வானொலியின் அறிக்கையில் வந்தால் எடுத்து ஒலிபரப்பலாம். அந்த அறிக்கை பாம்பனில் எழுதப்படுவதில்லை.